‘லா இஸ்தோரியா ஒஃபிசியல்’: படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் திரைப்பட வட்டத்தில் இந்த அர்ஜென்டினா படத்தைப் போட்டால், விளக்கு எரிந்ததும் கிட்டத்தட்ட அதே சந்தேகங்கள்தான் வரும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது எந்த நாட்டுப் படம், என்ன கதை? முடிவைச் சொல்லாமல் சொல்ல முடியுமா?

அர்ஜென்டினா படம், ஸ்பானிய மொழி, 112 நிமிடம். லூயிஸ் புவென்சோ இயக்கினார். திரைக்கதையை அவரும் ஐடா போர்ட்னிக் என்ற எழுத்தாளரும் சேர்ந்து எழுதினார்கள். 1985 ஏப்ரல் 3 அன்று வெளியானது. தலைப்பைத் தமிழில் ‘அதிகாரபூர்வ வரலாறு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

கதை நடப்பது 1983இல், தலைநகர் புவெனஸ் அயர்ஸில். ராணுவ ஆட்சி முடியப்போகிற நேரம். அலிசியா, பையன்கள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். கணவன் ரோபர்த்தோ வசதியான தொழில்துறைக்காரன். ராணுவத்தோடும் வெளிநாட்டு முதலாளிகளோடும் அவனுக்குப் பழக்கம். காபி அவர்கள் எடுத்து வளர்க்கும் பெண், வயது ஐந்து. அலிசியாவின் பழைய தோழி அனா பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். ஒருநாள் ராத்திரி குடித்துக்கொண்டே பேசும்போது, தான் பிடித்து அடைக்கப்பட்டிருந்ததையும், அங்கே கர்ப்பிணிகளின் குழந்தைகளைக் கேள்வி கேட்காத குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டதையும் சொல்கிறாள். அன்றோடு அலிசியாவின் தூக்கம் போகிறது. காபி யார் பெற்ற பிள்ளை? இதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். கீழே முடிவைத் தொடும் கேள்விகளில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

உண்மைக் கதையா சார் இது?

குடும்பம் கற்பனை, குற்றம் உண்மை. அலிசியா, ரோபர்த்தோ, காபி என்று யாரும் இருந்ததில்லை. ஆனால் இதே நிலையில் இருந்த வீடுகள் அர்ஜென்டினாவில் நூற்றுக்கணக்கில் இருந்தன. திரைக்கதை எழுதப்பட்டபோதே பாட்டிமார் பேரக்குழந்தைகளைத் தேடித் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

படம் வெளியாவதற்கு நாலு மாதம் முன்னால், 1984 டிசம்பரில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ரத்தப் பரிசோதனை ஆதாரத்தின்பேரில் நீதிமன்ற உத்தரவோடு பாட்டி வீட்டுக்குத் திரும்பினாள். அவளைத் தன் மகள் என்று பதிந்து வளர்த்தவர் ஒரு காவல்துறை அதிகாரி. எனவே அன்று திரையரங்கில் உட்கார்ந்தவர்களுக்குக் கதை நேற்றைய செய்தித்தாள்.

அப்போது அங்கே என்னதான் நடந்தது? ஒன்றும் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

புரியும். இருந்தாலும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1976 மார்ச் 24 அன்று முப்படையும் சேர்ந்து அதிபர் இசபெல் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்தன. தரைப்படையின் ஹோர்ஹே ரஃபாயேல் விதேலா, கடற்படையின் எமிலியோ மசேரா, விமானப்படையின் ஒர்லாந்தோ அகோஸ்தி ஆகிய மூவரும் பொறுப்பேற்றார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முடக்கப்பட்டன. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஆயுதக் குழுக்களின் தாக்குதலும், அரசு நிழலில் இயங்கிய ‘டிரிபிள் ஏ’ கொலைக் கும்பலின் வேட்டையும் நாட்டைக் கலக்கியிருந்தன. அதைக் காரணம் காட்டித்தான் ராணுவம் வந்தது.

வந்தவர்கள் ஆட்களைக் கைது செய்யவில்லை, காணாமல் ஆக்கினார்கள். இதுதான் இந்த ஆட்சியின் தனி முத்திரை. எண் பலகை இல்லாத ஃபோர்டு ஃபால்கன் காரில் ஆட்கள் வருவார்கள், வீட்டிலிருந்தோ வேலை இடத்திலிருந்தோ தூக்கிப்போவார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்பார்கள். வழக்கும் இல்லை, பிணமும் இல்லை. தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், ஏழைகளிடையே வேலை செய்த பாதிரிமார் என்று பட்டியல் நீண்டது. பலர் மயக்க ஊசி போடப்பட்டு, விமானத்திலிருந்து உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். 1995இல் அடோல்ஃபோ சிலிங்கோ என்ற கடற்படை அதிகாரியே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1982இல் மால்வினாஸ் தீவுகளுக்காக, அதாவது நாம் ஃபாக்லாந்து என்று படித்த தீவுகளுக்காக, பிரிட்டனோடு போரிட்டுத் தோற்றார்கள். அதோடு ஆட்சி ஆட்டம் கண்டது. 1983 அக்டோபர் 30இல் தேர்தல், டிசம்பர் 10இல் ரவுல் அல்ஃபொன்சின் அதிபர். படம் நடப்பது இந்தக் கடைசி மாதங்களில்.

பெற்றோரைக் கொன்றவர்கள் குழந்தைகளை மட்டும் ஏன் உயிரோடு விட்டார்கள்?

கருணை என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளைப் பிரசவம்வரை உயிரோடு வைத்திருந்து, பிள்ளை பிறந்ததும் தாயைக் கொன்றார்கள். புவெனஸ் அயர்ஸில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளி (சுருக்கமாக எஸ்மா), காம்போ தே மாயோ ராணுவ மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே அறைகள் இருந்தன. பிறப்புச் சான்றிதழில் பொய்ப் பெயர் எழுதி, ராணுவக் குடும்பங்களுக்கோ அவர்களுக்கு வேண்டியவர்களுக்கோ குழந்தைகளைக் கொடுத்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. புவெனஸ் அயர்ஸ் மாகாணக் காவல்துறைத் தலைவராக இருந்த ரமோன் காம்ப்ஸ் பின்னாளில் அதைப் பேட்டியிலேயே சொன்னார்: கலகக்காரப் பெற்றோர் பிள்ளைகளையும் கலகக்காரர்களாகத்தான் வளர்ப்பார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று. ‘நல்ல, தேசபக்தியுள்ள’ வீட்டில் வளர்ந்தால் அந்த ரத்தத்தின் அரசியல் அறுந்துபோகும் என்று கணக்குப் போட்டார்கள். குழந்தை இல்லாத அதிகாரிகளின் வீடுகளில் அதற்குத் தேவையும் இருந்தது.

வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சதுக்கத்தில் சுற்றி வருகிற பெண்கள் யார்?

பிளாசா தே மாயோ தாய்மார். அதிபர் மாளிகைக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தின் பெயர் பிளாசா தே மாயோ. 1977 ஏப்ரல் 30இல் பதினான்கு பேர் போல முதலில் கூடினார்கள். அவசரநிலை இருந்ததால் கும்பலாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று சதுக்கத்தின் நடுவில் இருக்கும் தூணைச் சுற்றி இரண்டு இரண்டு பேராக நடக்கத் தொடங்கினார்கள். அதுவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் மூன்றரைக்கு நடக்கும் ஊர்வலமாகிவிட்டது. அந்தத் தலைத்துணி முதலில் குழந்தைகளின் இடுப்புத் துணிதான். லூஹான் மாதா கோயில் யாத்திரைக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கட்டினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில், அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் உட்பட மூன்று தாய்மாரைக் கடற்படையினர் தூக்கிப்போனார்கள். காணாமல் போனவரின் தம்பி என்று சொல்லிக்கொண்டு அவர்களோடு பழகிக் காட்டிக்கொடுத்தவர் அல்ஃப்ரெதோ அஸ்திஸ் என்ற இளம் அதிகாரி. அந்த மூவரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல்தான்.

தாய்மார், பாட்டிமார் என்று இரண்டு பேரும் வருகிறதே, ஒரே அமைப்பா?

வேறு வேறு. மேலே சொன்ன தாய்மாரிலிருந்து 1977 கடைசியில் பன்னிரண்டு பேர் தனியாகக் கூடி, பேரக்குழந்தைகளைத் தேடுவதை மட்டும் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் பாட்டிமார். மகளைத் தேடுவதும் மகள் பெற்றதைத் தேடுவதும் ஒன்றல்ல. மகள் உயிரோடு இருக்க வாய்ப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும், பேரப்பிள்ளையோ எங்கோ ஒரு வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். படத்தில் சாரா என்ற முதியவள் (நடித்தவர் செலா ருயிஸ்) இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள்.

சித்திரவதைக் காட்சிகள் இருக்குமா? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

ஆட்களை அடைத்துவைத்த ரகசிய முகாமை ஓர் இடத்தில்கூடக் காட்டவில்லை. நடந்ததை அனா வாயால் சொல்கிறாள், அவ்வளவுதான். கடைசிப் பகுதியில் வீட்டுக்குள் ஒரு வன்முறை இருக்கிறது, சில நொடிதான், ஆனால் வலிக்கும். பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பயம் ஒரு பக்கம், முதல் அரை மணி நேரம் அவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

அனா பேசும் அந்தக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம் என்பேன். அனாவாக நடித்த சுன்சுனா வில்லாஃபானியே சிரிப்பில் தொடங்குகிறார். தோழிகள் இருவரும் பழைய கதை பேசிக் கெக்கலித்துக்கொண்டிருக்க, அதே சிரிப்பு முகத்தில் ஒட்டியிருக்கும்போதே வீட்டுக் கதவை உடைத்த ராத்திரியைச் சொல்லத் தொடங்குகிறார். உள்ளே எத்தனை நாள் இருந்தோம் என்றே தெரியவில்லை, வெளியே வந்த பிறகு முப்பத்தாறு நாள் என்று தெரிந்தது என்கிறாள். அலிசியா அப்பாவியாக, புகார் கொடுத்தாயா என்று கேட்கிறாள். யாரிடம் கொடுப்பது என்று அனா திருப்பிக் கேட்கிறாள். படத்தில் என்னை உலுக்கிய கேள்வி எது என்றால் அலிசியாவின் அந்தக் கேள்விதான். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

ஏழு வருடம் ஊரே அல்லோலகல்லோலப்பட்டிருக்கிறது. வரலாற்று டீச்சருக்கு ஒன்றுமே தெரியாது என்பதை எப்படி நம்புவது?

ஒவ்வொரு திரையிடலிலும் காரசாரமாகப் போவது இதுதான். என் பதில்: அவளுக்குத் தெரியாது என்பதும் உண்மை, தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டாள் என்பதும் உண்மை.

செய்தி வெளியே வர வழி குறைவாகத்தான் இருந்தது. பத்திரிகைகள் தணிக்கையிலும் பயத்திலும் இருந்தன. 1978இல் உலகக் கோப்பைக் கால்பந்து அங்கேயே நடந்து அர்ஜென்டினா கோப்பையையும் வென்றது. இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் எஸ்மா முகாம். மைதானத்தின் ஆரவாரம் உள்ளே கேட்டதாக உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1979இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் விசாரிக்க வந்தபோது, ‘அர்ஜென்டினர்களாகிய நாம் நேர்மையானவர்கள், மனிதத்தன்மை உள்ளவர்கள்’ என்று அரசே ஒட்டுவில்லை அச்சடித்துக் கொடுத்தது, ஜனங்கள் காரில் ஒட்டிக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் ஆள் காணாமல் போனால், ஏதோ செய்திருப்பார்கள், சும்மாவா கொண்டுபோவார்கள் என்பது அன்றாடப் பேச்சு.

ஆனால் அலிசியாவின் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அவள் கணவனைக் கேட்கவில்லை. ஐந்து வருடமாகக் கேட்கவில்லை. கேட்டால் குழந்தை போய்விடுமோ என்ற பயம் மனசின் அடியில் எங்கோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டிருப்பாள் இல்லையா? அவளே சின்ன வயதில் பெற்றோரை விபத்தில் இழந்தவள், அந்த உண்மையை மறைத்துத்தான் அவளைப் பாட்டி வளர்த்தாள். உண்மை மறைக்கப்பட்ட பிள்ளையாக இருப்பது எப்படி என்று தெரிந்த ஒருத்தியே காபிக்கு அதைச் செய்கிறாள். அலிசியாவாக நடித்த நோர்மா அலெயாந்த்ரோ இந்த இரட்டை நிலையை வசனம் இல்லாமலே நடிக்கிறார். படத்தின் முதல் பாதியில் அவர் கொண்டையை இறுக்கிக் கட்டியிருப்பதையும் பிறகு அது அவிழ்வதையும் கவனியுங்கள்.

வகுப்பில் பையன்கள் வரலாற்றைப் பற்றிச் சண்டை போடுகிறார்களே, அந்த மொரேனோ யார்?

மரியானோ மொரேனோ. 1810இல் ஸ்பெயினிடமிருந்து விடுபடத் தொடங்கியபோது அமைந்த முதல் அரசின் செயலாளர். தீவிரமானவர். 1811இல் கப்பலில் போகும்போது நடுக்கடலில் இறந்தார். விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று அப்போதிருந்தே பேச்சு உண்டு. படத்தில் ஒரு பையன் அப்படித்தான் சொல்கிறான். அலிசியா ஆதாரம் எங்கே என்கிறாள். ஆதாரம் இல்லை, ஏனென்றால் வரலாற்றை எழுதுவது கொலைகாரர்கள் என்று அவன் பதில் சொல்கிறான். கடலில் பிணங்கள் வீசப்பட்ட காலத்தில், கடலில் போட்ட பிணத்தைப் பற்றிய பேச்சு இது. அர்ஜென்டினப் பார்வையாளருக்கு உடனே உறைக்கும், நமக்குச் சொன்னால்தான் தெரியும்.

ரோபர்த்தோவை வில்லனாகக் காட்டவே இல்லையே, மகளிடம் அவ்வளவு பாசமாக இருக்கிறானே?

பாசம் நடிப்பில்லை, அதனால்தான் எக்தோர் அல்தேரியோவின் நடிப்பைப் பார்த்து நமக்குச் சங்கடமாக இருக்கிறது. பாசமாக இருந்துகொண்டே ஒருவன் இந்தக் காரியத்துக்கு உடந்தையாக இருக்கலாம்.

அவன் எந்த ஆட்சியால் வளர்ந்தான் என்பதைக் குடும்பத்தோடு சாப்பிடும் காட்சி சொல்லிவிடுகிறது. நாடே கீழே போனது, திருடர்களும் கூட்டாளிகளும் என் மூத்த மகனும் மட்டும்தான் மேலே போனார்கள் என்கிற அர்த்தத்தில் வயதான அப்பா முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். தம்பி என்ரிக்கே கடனில் தவிக்கிறவன். அவன் கேட்பதும் அதுதான்: நீங்கள் செய்ததற்கு என் பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இது வெறும் வசனமில்லை. ராணுவ ஆட்சிக் காலத்தில் நாட்டின் வெளிநாட்டுக் கடன் சுமார் 800 கோடி டாலரிலிருந்து சுமார் 4,500 கோடி டாலராக ஏறியது. அந்தப் பணத்தில் கொழுத்தவர்களின் பிரதிநிதிதான் ரோபர்த்தோ. ரோபர்த்தோவின் சுபாவத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சாப்பாட்டு மேசையைத் தவறவிடுகிறார்கள்.

காபி பாடிக்கொண்டே இருக்கும் பாட்டு என்ன?

(படத்தின் கடைசிக் காட்சியிலும் இது வரும்.) மரியா எலேனா வால்ஷ் எழுதிய குழந்தைப் பாட்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடி வளர்ந்தவை அவருடைய பாட்டுகள். ‘ஞாபகமில்லாத நாட்டில்’ மூன்று எட்டு வைத்ததும் வழி தவறிப்போகும் ஒரு குழந்தையைப் பற்றியது இது. படத்துக்காக எழுதியதில்லை, முன்பே இருந்தது. இயக்குநர் எடுத்து வைத்த இடத்தில்தான் அது கனக்கிறது.

வால்ஷ் வெறும் பாட்டி கதை சொல்லும் ஆளும் இல்லை. 1979இல், ஆட்சி உச்சத்தில் இருந்தபோதே, நாட்டையே மழலையர் பள்ளியாக்கி எல்லோரையும் குழந்தைகளாக நடத்துகிறார்கள் என்று தணிக்கையைக் கிழித்துக் ‘கிளாரின்’ நாளிதழில் கட்டுரை எழுதினார்.

கடைசியில் என்ன ஆச்சு? காபி யாரிடம் போனாள்?

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.

சாரா காட்டும் பழைய புகைப்படத்தில் அவள் மகள், சின்ன வயதில், அச்சு அசலாகக் காபி போல இருக்கிறாள். ஆதாரம் என்று படத்தில் இருப்பது அவ்வளவுதான். அலிசியா சாராவை வீட்டுக்கே கூட்டிவந்து ரோபர்த்தோ முன் உட்கார வைக்கிறாள். அன்று இரவு குழந்தை வீட்டில் இல்லை. குழந்தை எங்கே என்று தெரியாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று அலிசியா கேட்க, ரோபர்த்தோ அவள் விரல்களைக் கதவில் வைத்து நசுக்குகிறான். அனா சொன்ன முகாமின் ஒரு துண்டு வரவேற்பறைக்கு வந்துவிடுகிறது. பிறகு தொலைபேசி மணி. காபி தாத்தா பாட்டி வீட்டிலிருந்து பேசுகிறாள். அலிசியா சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வெளியே போகிறாள்.

காபி யாரிடம் போவாள் என்று படம் சொல்லவில்லை. 1985இல் சொல்லவும் முடியாது, நாட்டுக்கே தெரியாது. இதை இயக்குநர் தப்பித்துக்கொண்டதாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சாராவிடம் ஒப்படைப்பது போல ஒரு காட்சியை வைத்திருந்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

ஆட்சி விழுந்த பிறகுதானே எடுத்தார்கள், இதில் என்ன பெரிய தைரியம்?

நியாயமான கேள்வி. ஆனால் ‘விழுந்தது’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தளபதிகள் பதவியை விட்டார்களே தவிர, கடத்தியவர்களும் சித்திரவதை செய்தவர்களும் அதே ஊரில், அதே சீருடையில் இருந்தார்கள். படக்குழுவுக்கு மிரட்டல்கள் வந்தன. எழுதத் தொடங்கியபோது ஆட்சி இன்னும் இருந்தது. ஒளித்துவைத்த சிறு கேமராக்களில் ரகசியமாக எடுக்கலாமா என்றுகூட புவென்சோ யோசித்திருக்கிறார். ராணுவத் தளபதிகள் மீதான வழக்கு விசாரணை தொடங்கியதே படம் வந்து 19 நாள் கழித்து, 1985 ஏப்ரல் 22இல்.

நடிகர்களையும் பாருங்கள். அல்தேரியோ 1974இல் ஸ்பெயினுக்கு ஒரு திரைப்பட விழாவுக்குப் போன இடத்தில், டிரிபிள் ஏ கும்பலின் கொலை மிரட்டலால் அங்கேயே தங்கிவிட்டவர். அலெயாந்த்ரோவும் நாட்டை விட்டுப் போய் உருகுவேயிலும் ஸ்பெயினிலும் இருந்தவர். விரட்டப்பட்ட இருவர் திரும்பி வந்து, விரட்டியவர்களின் பக்கம் நின்ற கணவன் மனைவியாக நடித்திருக்கிறார்கள்.

ஆஸ்கர் வாங்கியதாமே, உண்மையா?

ஆமாம். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான விருது, லத்தீன் அமெரிக்காவுக்கே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு கான் திரைப்பட விழாவில் அலெயாந்த்ரோ சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் விழா நடந்தது 1986 மார்ச் 24, ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சரியாகப் பத்து வருடம். உறையைத் திறந்து தன் படத்தின் பெயரை அறிவித்தவரும் அலெயாந்த்ரோவே.

காபி சாராவின் பேத்திதானா என்று டிஎன்ஏ சோதனை செய்து பார்த்திருக்கலாமே?

1983இல் அது கிடையாது. பெற்றோர் இருவருமே இல்லாதபோது பாட்டி தாத்தாவின் ரத்தத்தை வைத்து மட்டும் உறவை நிரூபிக்க முடியுமா என்று பாட்டிமார் நாடு நாடாகப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் போன்றவர்கள் அதற்கான கணக்கு முறையை உருவாக்கினார்கள். மேலே சொன்ன எட்டு வயதுச் சிறுமியின் வழக்கில் அதுதான் உதவியது. பிறகு தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முறை வந்தது. அதில் தாய்வழிப் பாட்டி ஒருத்தி இருந்தாலே போதும்.

1987இல் சட்டம் இயற்றி தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவினார்கள். தேடும் குடும்பங்களின் மாதிரி அங்கே இருக்கும். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று எந்த வயதில் யார் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாட்டிமார் இறந்தாலும் தேடல் நிற்காது என்பதற்கான ஏற்பாடு.

இதுவரை எத்தனை பேரைக் கண்டுபிடித்தார்கள்?

சுமார் 500 குழந்தைகள் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பது பாட்டிமாரின் மதிப்பீடு. 140ஆவது பேரப்பிள்ளையை 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அமைப்பின் தலைவர் எஸ்தெலா தே கார்லோத்தோவுக்குத் தன் சொந்தப் பேரன் கிடைத்தது 2014இல், 36 வருடத் தேடலுக்குப் பிறகு. அவர்தான் 114ஆவது. மீதி இருப்பவர்கள் இன்று நாற்பதுகளின் கடைசியில் இருக்கும் ஆண்கள், பெண்கள். பலருக்குத் தாங்கள் தேடப்படுகிறோம் என்பதே தெரியாது.

செத்தவர்கள் 30,000 என்கிறார்கள், சிலர் 9,000 கூட இல்லை என்கிறார்கள். எது சரி?

இரண்டும் வேறு வேறு வகை எண்கள். எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையில் அல்ஃபொன்சின் அமைத்த ஆணையம் 1984 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. அதில் பெயரோடு பதிவானவர்கள் 8,961 பேர், ரகசிய முகாம்கள் சுமார் 340. பட்டியல் முழுமையானதில்லை என்று அறிக்கையே சொன்னது. சாட்சி சொல்லப் பலர் பயந்தார்கள், சில குடும்பங்களில் சொல்ல ஆளே மிஞ்சவில்லை. 30,000 என்பது மனித உரிமை அமைப்புகள் சொல்லும் மதிப்பீடு.

பட்டியலை வைத்திருந்தவர்கள் அதைக் கொடுக்கவே இல்லை. ஒளித்தவர்களின் பக்கம் நின்றுகொண்டு சரியான எண்ணிக்கை எங்கே என்று கேட்பது, படத்தில் அந்தப் பையனிடம் அலிசியா ஆதாரம் கேட்டதுபோலத்தான்.

குற்றம் செய்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களா, இல்லை நம்மூர் மாதிரி இழுத்துக்கொண்டே போனதா?

இரண்டும். 1985 டிசம்பர் 9இல் விதேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் சாதாரண நீதிமன்றம் அதன் சொந்த ராணுவத் தலைமையைத் தண்டித்தது உலகத்திலேயே அரிது. அப்புறம் பின்வாங்கல். 1986இலும் 1987இலும் வந்த இரண்டு சட்டங்கள் கீழ்மட்ட அதிகாரிகள் மீதான வழக்குகளை மூடின. 1989, 1990இல் அதிபர் கார்லோஸ் மெனெம் தளபதிகளுக்கும் மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார்.

அந்தச் சட்டங்களில் ஓர் ஓட்டை இருந்தது, குழந்தைத் திருட்டு வழக்குகளை அவை மூடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் 1998இல் விதேலாவை மறுபடி கைது செய்தார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு சட்டங்களும் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த வழக்கும் பெற்றோரோடு கடத்தப்பட்ட ஒரு கைக்குழந்தையைப் பற்றியதே. 2012 ஜூலையில், குழந்தைகளைத் திருடியது திட்டமிட்ட ஏற்பாடு என்று தீர்ப்பாகி விதேலாவுக்கு 50 ஆண்டு. மறு வருடம் மே மாதம் சிறையிலேயே இறந்தார். சாராக்கள் தேடிய பேரப்பிள்ளைகள் வழியாகத்தான் தளபதிகள் மாட்டினார்கள்.

பாசமாக வளர்த்த வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரிப்பதும் கொடுமைதானே? வளர்ந்த பிள்ளைக்கே உண்மை வேண்டாம் என்றால்?

எனக்குக் கடைசிவரை சுலபமாகப் பதில் சொல்ல வராத கேள்வி இது. பாட்டிமாரின் நிலை இதுதான்: அது தத்து இல்லை. தத்து என்றால் பெற்றவர் சம்மதமோ நீதிமன்றமோ இருக்கும். இங்கே இருப்பது கடத்தலும் பொய்ச் சான்றிதழும், அந்தப் பொய் நீடிக்கும்வரை குற்றமும் நீடிக்கிறது. அதே நேரம் எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றும் தெரியாமல் நல்ல எண்ணத்தில் முறைப்படி தத்தெடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களில் சிலர் உண்மை தெரிந்தபின் பாட்டிமாரோடு உறவாக இருந்தார்கள்.

வளர்ந்தவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. தன்னை வளர்த்தவர்கள் மீதே வழக்குத் தொடுத்த ஒரு பெண்ணுக்கு 2008இல் தீர்ப்பு வந்தது. வளர்த்த தம்பதிக்கு 8 ஆண்டும் 7 ஆண்டும், குழந்தையைக் கொடுத்த ராணுவ அதிகாரிக்கு 10 ஆண்டும் சிறை. இன்னொரு பக்கம், ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று வருடக்கணக்கில் மறுத்தவர்கள் இருந்தார்கள். தன் சாட்சியத்தால் தன்னை வளர்த்தவர் சிறைக்குப் போக வேண்டுமா என்பது அவர்கள் தவிப்பு. 2009இல் வந்த சட்டம், நீதிமன்ற உத்தரவோடு உடை, சீப்பு போன்ற பொருள்களிலிருந்து மாதிரி எடுக்க வழி செய்தது. ஒருவரின் அந்தரங்கமா, ஒரு குடும்பத்தின் உரிமையா என்று அங்கேயும் கடும் விவாதம் நடந்தது. ஒரு பிள்ளைக்கு உண்மை வேண்டாமாக இருக்கலாம். ஆனால் நாற்பது வருடமாகத் தேடும் பாட்டிக்கும், அண்ணன் தம்பிக்கும் அது வேண்டுமே. நான் சாயும் பக்கம் அதுதான். எதிர்ப்பக்கத்தை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

படத்தில் குறையே இல்லையா? எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்களே.

இருக்கிறது. பெரிய குறை, காபியைப் பெற்றவர்கள் யார், என்ன அரசியல் பேசினார்கள் என்று படம் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் புகைப்படமாக வருகிறார்கள், புகைப்படமாகவே இருக்கிறார்கள். எல்லாம் அலிசியாவின் கண்வழி என்பதால், எங்களுக்கும் அன்று தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்துக்குப் படம் சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டது என்று அர்ஜென்டினாவிலேயே விமர்சித்தார்கள். ஒப்புக்கொள்கிறேன். இலக்கிய ஆசிரியர் பெனீதெஸ் பாத்திரமும் எனக்கு ஒட்டவில்லை, அலிசியாவுக்குப் பாடம் சொல்லவே வந்தவர் போல இருக்கிறார்.

ஆனாலும் 1985இல் அந்த நடுத்தர வர்க்கம் உட்கார்ந்து பார்க்கும்படி ஒருவர் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து என்ன பார்க்கலாம்?

முகாமின் உள்ளே என்ன நடந்தது என்று தெரிய ‘கராஹே ஒலிம்போ’ (1999). அதன் இயக்குநர் மார்கோ பெச்சிஸ் தானே கடத்தி அடைக்கப்பட்டவர், அதனால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். தலைமறைவுக் குடும்பத்தைப் பையனின் கண்ணால் பார்க்க ‘கம்சாட்கா’ (2002), இது பிள்ளைகளோடும் பார்க்கலாம். தளபதிகள் மீதான வழக்குக்கு ‘அர்ஜென்டினா, 1985’ (2022). ரிக்கார்தோ தாரின் அரசு வழக்கறிஞராக நடித்தது, விறுவிறுவென்று போகும். இந்தப் படத்தையே இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் தேடுங்கள், 2015இல் கான் விழாவில் போட்டது அது. பழைய பிரதிகளில் இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியாது.